ஊசிப்பாறைச் சிறுத்தை வரவில்லை

முதலில் வந்தது கடமான். செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், காலை ஒன்பதரை மணி இருக்கும். மலைப்பக்கத்து ரோட்டில் இறங்கி, கருவாட்டுக் கடைகளையும் வெங்காய மூட்டைகளையும் கடந்து, வளையல்காரர் விரித்திருந்த சாக்கை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, ஒருத்தரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நடந்து, வேட்டை கோதண்டபாணி அய்யா வீட்டு இரும்புக் கேட்டுக்கு நேர் எதிரே போய் நின்றது. இடது காதுக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அதைச் சுற்றிக் காய்ந்த ரத்தம். "யாரு வீட்டுக்காம்?" என்று புளி விற்றுக்கொண்டிருந்தவள் கேட்டாள். "அய்யா வீட்டுக்குத்தான்" என்றார்கள். "அப்பச் சரி" என்று அவள் தராசைத் தூக்கினாள்.

எங்கள் தாழைக்கோம்பைக்கு வெளியாள் வருவதே அய்யாவைப் பார்க்கத்தான். பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள், அவர் கதையைப் படித்துவிட்டு வீட்டுக்குச் சொல்லாமல் காடு பார்க்கக் கிளம்பிவந்த கல்லூரிப் பையன்கள் வந்திருக்கிறார்கள், ஒரு தடவை பாதிரியார் ஒருவர் புலிநகம் ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி வந்தார். அந்த வரிசையில் ஒரு கடமான் வந்ததை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் இந்த ஊர்க் கிளை நூலகத்தில் இருப்பவன். லைப்ரரி சார் என்றால் தெரியும். அந்த ஓட்டையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மத்தியானம் சோற்றுக்குப் போகாமல் அய்யாவின் முதல் தொகுதியை எடுத்துப் புரட்டினேன். பதினான்காம் பக்கத்தில் இருந்தது. இடது காதின் கீழ், இரண்டு விரல் தள்ளி, மூங்கில் புதரின் ஓரம், விடிந்து நாற்பது நிமிஷத்தில் அய்யா சுட்ட கடமான், வலது கொம்பின் இரண்டாம் கிளையில் முனை உடைந்தது. வெளியே போய்க் கொம்பைப் பார்த்தேன். முனை உடைந்திருந்தது. டீக்கடையில் சொன்னேன், வேலை முடிந்தது, பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அய்யாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபத்தெட்டு வயது. பன்னிரண்டாவது வயதில் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தொட்டவர், சட்டம் வந்து வேட்டையை நிறுத்துகிற வரைக்கும் கீழே வைக்கவில்லை. வைத்த பிறகும் வெகு காலம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் காலையில், தாம்பூலம் வாங்க வந்தவர்கள் வாசலில் நிற்க, கரடியின் தடம் கிடைத்தது என்று மலையேறிப் போனவர். அவர் வீட்டம்மா உயிரோடு இருந்தவரைக்கும், தனக்கு இரண்டு சக்களத்திகள், ஒருத்தி தோளில் தொங்குகிறாள், இன்னொருத்தி சட்டைப்பையில் இருக்கிறாள் என்று சொல்லிச் சிரிப்பார். பரண் கட்டி உட்கார்ந்தால் ஒன்பது மணி நேரம் கொசு கடித்தாலும் கையைத் தூக்க மாட்டாராம். அந்த மனுஷன் எழுதினால் படிக்கிறவனுக்கு முதுகுப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்கும். நான் இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கி வந்ததே அந்த எழுத்துக்காகத்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. நாலு தொகுதி, இருபத்தேழு கதை, கதைக்கு ஒரு மிருகம்.

வியாழக்கிழமை காட்டுப்பன்றி வந்தது. சனிக்கிழமை கரடி வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், புத்தகத்தில் அச்சான வரிசை கொஞ்சமும் மாறாமல், செந்நாய் வந்தது, தோள் உயரத்துக் காட்டுமாடு வந்தது, நெற்றியில் ஓட்டையோடு ஒற்றை யானை ஒன்று பஞ்சாயத்து வளைவுக்குள் நுழைய முடியாமல் பின்பக்கமாகச் சுற்றி வந்தது, புலி வந்து ரேஷன் கடைப் படியில் குறுக்கே நின்றது. தின்பதில்லை, குடிப்பதில்லை, சாணி போடுவதில்லை, உறுமுவதில்லை. கேட்டைப் பார்த்தபடி நிற்பதும், நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைப்பதும்தான் அவற்றின் வேலை.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. டவுன் பஸ் கோயில் தெருவழியாகத் திரும்ப ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் வாங்க வந்த பெண்கள் "கொஞ்சம் நகந்துக்க" என்று புலியைத் தாண்டிப் படியேறினார்கள். யானை நெற்றியில் யாரோ குங்குமம் வைத்தார்கள், மறுநாள் அதற்கு மாலை விழுந்தது, அடுத்த வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எண்ணை அதன் காலில் எழுதிவிட்டுப் போனார்கள். வனத்துறையில் இருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார், ஒவ்வொன்றின் காயத்தையும் குனிந்து பார்த்தார், இவையெல்லாம் சட்டம் வருவதற்கு முந்தியே செத்தவை, நான் நடவடிக்கை எடுக்க இதில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பஞ்சாயத்துத் தலைவர் பெருமாள்ராஜ், கொம்பு உள்ளவை இடப்பக்கம், இல்லாதவை வலப்பக்கம் என்று சுண்ணாம்புக் கோடு போட்டார். மிருகங்கள் கோட்டை மதிக்கவில்லை, ஆனாலும் கோடு போட்டதில் அவருக்கு ஒரு திருப்தி.

ஒன்றுதான் பழகவில்லை. இருபது, இருபத்திரண்டு மிருகங்கள் பகல் முழுக்கக் கால் மாற்றி வைக்கிற சத்தம் இருக்கிறதே, அது மெல்ல ஊருக்குள் இறங்கி எல்லார் காலுக்கும் வந்துவிட்டது. யாராலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. டீக்கடைப் பெஞ்சு காலியாகக் கிடக்க, ஆட்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி குடித்தார்கள். தையல்காரர் நின்றுகொண்டு மிதித்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று எழுதினார்கள், வாத்தியார் அதட்டவில்லை, அவரே வகுப்புக்குள் பத்து தடவை சுற்றிவிட்டார். சோறு தின்னும்போதுகூட ஒருத்தர் தட்டோடு வாசலுக்கு வருவார், எதிர்வீட்டுக்காரரும் தட்டோடு நிற்பார், இரண்டு பேரும் மலைப்பக்கம் பார்ப்பார்கள். அடுத்து வரவேண்டியது வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒவ்வொருத்தரும் நினைத்தோம்.

இருபத்தாறு வந்தன. இருபத்தேழாவது ஊசிப்பாறைச் சிறுத்தை. அது வரவில்லை.

அந்தச் சிறுத்தையைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், ஏழு பேரை அடித்த சிறுத்தை. நாலு மாதம் பொழுது சாய்ந்தால் ஊரும் மலைக்குடிகளும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தன. அய்யா போய் ஊசிப்பாறையில் பரண் போட்டு அதை அடித்தார். ஆட்கொல்லி செத்தால் கோயில் முன்னால் மூன்று அதிர்வேட்டுப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். மூன்று வேட்டு மலையில் எதிரொலித்தால், கட்டிலை வெளியே போடலாம், ஆட்டை மேய விடலாம், பிள்ளைகளை ஓடைக்கு அனுப்பலாம் என்று அர்த்தம். வேட்டுப் போட்டார்கள். அதே வாரம் தீபாவளி மலரில் கதை வந்தது. அய்யாவை நாடறிய வைத்தது அந்தக் கதைதான், தொகுதிகள் போட்டபோது அதைக் கடைசிக் கதையாக வைத்தார்கள். வருஷா வருஷம் அந்த நாளில் எங்கள் ஊரில் அதை நாடகமாகப் போடுவார்கள், பெருமாள்ராஜ்தான் அய்யா வேஷம், மரத்துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து அதற்கு மெருகே ஏறிவிட்டது.

அப்படிப்பட்ட சிறுத்தை வரவில்லை என்றால் ஊர் எப்படித் தாங்கும்? கேட்டுக்கு நேர் எதிரே அதற்கென்று இடம் ஒதுக்கிக் கயிறு கட்டினார்கள். மேளத்துக்குச் சொல்லியாயிற்று. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. "முன்னங்கால்ல அடில்ல, மெதுவாத்தான் வரும்" என்று ஒருத்தர் சமாதானம் சொன்னார். "கடைசிக் கதைல்ல, அதுக்கு ஒரு கெத்து இருக்கும்" என்றார் இன்னொருத்தர். அய்யா மாடிக்கு வருவார், கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்ப்பார், உள்ளே போவார், மறுபடி வருவார். ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த மனுஷன் ஒன்பது நிமிஷம் நிற்கமுடியாமல் அலைந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தவமணி நூலகத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், நாற்பத்தொரு வயது, மலைக்குடியில் பிறந்து ஊருக்குள் வந்து குடியேறியவள். அவள் அப்பா மொக்கையன்தான் அய்யாவுக்குத் தடம் பார்த்துக் கொடுத்தவர். இருபத்தேழு கதையிலும் 'என் ஆள் மொக்கையன்' என்று ஒரு வரியாவது வருவார். செத்துப் பத்து வருஷம் ஆகிறது. தவமணி அதுவரை நூலகப் படி ஏறியதில்லை.

"சார், அந்தச் சிறுத்தைக் கதைய எனக்குப் படிச்சுக் காட்டுறீகளா?" என்றாள்.

படித்தேன். அவள் அலமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டே கேட்டாள், நானும் நடந்துகொண்டே படித்தேன், யாருக்குத்தான் உட்கார முடிந்தது. சிறுத்தை பள்ளத்தில் சரிந்து விழுந்து உயிர்விடுகிற இடம் வந்தது. கதை முடிந்தது.

"இதுல எங்கம்மா வரலையா?"

"உங்கம்மாவா? இல்லையே."

"பேரு குருவம்மா. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். நாலு தொகுதியிலும் அந்தப் பெயர் இல்லை.

"அது வராது சார்" என்றாள். "ஊரே பாத்துக்கிட்டு நிக்கிது, வராது. அய்யா சுட்டது காலுல பட்டுச்சு. பள்ளத்துல உருண்டு எந்திருச்சுப் போயிருச்சு. எங்கப்பன் சொல்லிருக்கான், சாகலைங்கய்யா, நாளைக்கு ரத்தத்தடம் பாத்துப் போவோம்னு. நாலு மணி பஸ்ஸுல கதைய மதராசுக்கு அனுப்பணும், மலருக்காரங்க பக்கம் விட்டு வச்சுருக்காங்கன்னு அய்யா சொல்லிட்டாரு. கதைய முதல் நாளே பரண்ல உக்காந்து எழுதி வச்சுட்டாராம். அத மாத்த நேரமில்ல. வேட்டுப் போடச் சொல்லிட்டாரு. ஆறாம் நாளு எங்கம்மாவ அது அடிச்சுருச்சு. அதோட அது யாரு கண்ணுலயும் படல."

ஊர்க் கணக்கில் அது செத்தாயிற்று. செத்த சிறுத்தை எப்படி ஆளை அடிக்கும்? அதனால் பாறையில் வழுக்கி விழுந்தவளைச் செந்நாய் இழுத்துவிட்டது என்று ஸ்டேஷனில் எழுதினார்கள், மொக்கையன் அதில் கைநாட்டு வைத்தார். அதற்குப் பிறகு அவர் தடம் பார்க்கப் போகவேயில்லை. சாகிற அன்றைக்குத்தான் மகளிடம் இதைச் சொன்னாராம்.

"அவரு கையால செத்து, அவரு கையால எழுதுனதுகதான் வருது. நான் எண்ணிப் பாத்துட்டேன்" என்றாள் தவமணி. "எங்கம்மாவும் அவரு வேட்டையிலதான் சார் செத்துச்சு. எழுதலை. அதான் வரலை. எழுதச் சொல்லணும். நீங்க கூட வாங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால், முதலில் அவள் மேல். நாற்பது தடவை படித்து நான் புல்லரித்த கதையை ஒரு நிமிஷத்தில் குப்பையாக்கிவிட்டாளே என்று. அந்தக் கோபம் அய்யா வீட்டுக்குப் போகிற பாதி வழியில் திசை மாறிவிட்டது. மிருகங்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போனோம்.

அய்யா கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். சுவர் முழுக்கக் கொம்புகள். தவமணி சுற்றிவளைக்கவில்லை. நின்ற இடத்தில் இருந்து சொன்னாள். அவர் மறுக்கவில்லை, அதுதான் என்னைக் குத்தியது; இல்லை பொய் என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால் நான் இன்னும் கொஞ்ச காலம் அவரை நம்பியிருப்பேன்.

"தடத்தை நான் பாத்தேன்" என்றார். "இடது முன்னங்கால் இழுத்துக்கிட்டுப் போன தடம். மறுநாளே பாத்தேன்."

"அப்ப எழுதுங்கய்யா."

"என்னத்த எழுதச் சொல்ற தவமணி? அம்பத்தஞ்சு வருஷமா எழுதுறேன். நான் செத்தாலும் அந்த ஒரு கதை நிக்கும். அதையும் பொய்யின்னு என் கையாலயே எழுதவா?"

"அது உங்க கஷ்டம். எனக்கு எங்கம்மா வரணும்."

"வந்து?" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "வெளிய நிக்கிறதுகளப் பாத்தேல்ல? யாரையாச்சும் ஏறிட்டுப் பாக்குதா? அப்படி ஒங்கம்மாவும் கழுத்துல காயத்தோட வந்து நின்னா, உனக்குத் தாங்குமா?"

அந்தக் கேள்வியில் பாசாங்கு இல்லை, அதைச் சொல்ல வேண்டும். தவமணி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக மிருகங்களைப் பார்த்தாள்.

"அதுக ஏன் அப்படி நிக்கிதுன்னு நான் சொல்லவா?" என்றாள். "அந்தக் கடமானுக்குக் கன்னு இருந்துச்சா? அது எங்க தண்ணி குடிக்கும், எந்த மரத்துல முதுகு தேய்க்கும்? எதையாச்சும் எழுதிருக்கீகளா? உங்க கண்ணுல பட்டதுல இருந்து செத்து விழுகுற வரைக்கும்தான் எழுதிருக்கீக. அதுக்கு நிக்கிறத விட்டா வேற என்ன தெரியும்? எங்கம்மாவ அப்படி எழுத வேண்டாம். நான் சொல்றேன். சொல்லச் சொல்ல எழுதுங்க."

அய்யா நடப்பதை நிறுத்தினார். யோசித்துப் பார்த்தால், அவர் எழுத்தை அதுவரை எந்த விமர்சகரும் அந்த இடத்தில் தொட்டதில்லை.

"வந்தா என்ன செய்வ?"

"ஒரே ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள். "வேட்டுச் சத்தம் கேட்டதுல இருந்து எங்களயெல்லாம் வெளிய விட்டாக. நாலு மாசமா அடைஞ்சு கிடந்த பிள்ளைக. அன்னைக்கு நான் ஓடையில நண்டு புடிச்சுக்கிட்டு நேரம் போனது தெரியாம இருந்துட்டேன். இருட்டப் போகுதுன்னு பயந்து மேட்டு வழியா ஓடி வீட்டுக்கு வந்துட்டேன். அம்மா பள்ளத்து வழியா என்னையத் தேடிப் போயிருச்சு. நான் வந்துட்டேன்னு அதுக்குத் தெரியாதுங்கய்யா. சாகுற வரைக்கும் அதுக்குத் தெரியாது. அதச் சொல்லணும்."

அய்யா மேஜைக்குப் போனார், நாற்காலியை இழுத்தார், உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். "உக்கார முடியல தவமணி" என்றார், சின்னப் பிள்ளை முறையிடுவது போல. "பரண்ல உக்காந்தீகள்ல, அப்படி உக்காருங்க" என்றாள் அவள் இரக்கமே இல்லாமல். பேனாவை எடுத்துக்கொடுத்ததும் அவள்தான்.

மூன்று நாள் எழுதினார். பள்ளிக்கூடத்துச் சமையல் முடிந்ததும் தவமணி வருவாள், பாத்திரக் கரி கையில் இருக்கும், சொல்லிக்கொண்டே கூடத்தை அளப்பாள். குருவம்மா கிழங்கு தோண்டினால் முதல் கிழங்கை அங்கேயே உடைத்து எறும்புக்குப் போடுவாள். அடுப்பை ஊதும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். வெற்றிலைக்கு ஏங்குவாள், கிடைத்தால் பாதியைக் கிள்ளிச் சேலை முந்தியில் முடிந்துவைப்பாள். கோபம் வந்தால் மரத்தையும் திட்டுவாள், கல்லையும் திட்டுவாள், திட்டி முடித்ததும் மறந்துவிடுவாள். மகள் தலையில் பேன் பார்க்கும்போது வாயில் வந்ததைப் பாடுவாள். "எங்க குடிசைக்கு எத்தனை தடவை வந்து களி தின்னுருக்கீக, ஆக்கிப் போட்டது யாருன்னு தெரியுமா?" என்று ஒரு தரம் கேட்டாள். "கை ஞாபகம் இருக்கு" என்றார் அய்யா. "முகம் ஞாபகம் இல்ல." எல்லாவற்றையும் எழுதினார். ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவருக்கு ஒன்றரை நாள் பிடித்தது, அது தவமணி சொல்லமுடியாத வாக்கியம்.

விஷயம் வெளியே கசிந்து, பெருமாள்ராஜ் ஏழெட்டுப் பேரோடு வந்துவிட்டார். "என்னங்கய்யா இது? முப்பத்திரண்டு வருசமா நாடகம் போடுறோம், எம்மவன் கல்யாணப் பத்திரிகையிலகூட ஊசிப்பாறைச் சிறுத்தை படம் போட்டுருக்கேன். ஊரு பேரே அதுலதான் இருக்கு. ஒரு பொம்பள சொன்னான்னு..." என்று இழுத்தார்.

"அவ சொன்னது நிசம் பெருமாளு."

"நிசமா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, அத எழுதணுமா?"

"எழுதாததுனாலதான் நீயும் நானும் இப்படி அலையுறோம்" என்றார் அய்யா. தலைவருக்கு அது புரிந்ததோ என்னவோ, அவரும் அந்நேரம் கொம்புகளுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகத்தான் நடந்துகொண்டிருந்தார்.

அய்யாவின் புதுக் கதை எதுவானாலும் தபாலுக்குப் போகும் முன் நூலக வாசலில் வாசிப்பது பழைய ஏற்பாடு. பதினோரு வருஷமாக அதற்கு வேலை வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஊர் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் கேட்க, தெரு முழுக்க மிருகங்கள் கால் மாற்றி வைத்துக்கொண்டிருக்க, நான் வாசித்தேன். அய்யா என் பக்கத்தில் நின்றார். முதல் பத்தி இப்படி இருந்தது: 'இது என் இருபத்தெட்டாவது வேட்டை. ஊசிப்பாறைச் சிறுத்தையை நான் கொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்பதற்காக அதைத் தாளில் கொன்றேன். அந்தத் தாளை நம்பி ஊர் வேட்டுப் போட்டது. அந்த வேட்டுச் சத்தத்தை நம்பிக் குருவம்மா வெளியே வந்தாள். ஆகவே அவளைக் கொன்றவன் நான்.'

பெருமாள்ராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் நிறுத்தாமல் படித்தேன், எறும்புக்குப் போட்ட கிழங்கையும், மூடின ஒற்றைக் கண்ணையும், முந்தியில் முடிந்த அரை வெற்றிலையையும் படித்தேன், கல்லையும் மரத்தையும் திட்டியதைப் படித்தபோது சிலர் சிரித்தார்கள், கடைசியில் பள்ளத்து வழியில் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவள் போனதையும், அந்தக் கூப்பாடு பாதியில் நின்றதையும் படித்தேன். அய்யா இத்தனை வருஷத்தில் அதைப் போல ஒன்று எழுதியதில்லை. படித்து முடித்துத் தாளை மடக்கினேன்.

மலைப்பக்கத்து ரோட்டில் ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். வெறுங்கால், முழங்காலுக்குக் கீழே தூக்கிச் சொருகிய சேலை, அவசர நடை. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வழியில் காட்டுமாடு நின்றது, "இந்தா, நடு ரோட்டுல நின்னுக்கிட்டு! தள்ளி நில்லு" என்று அதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டினாள். அத்தனை நாள் யாருக்கும் அசையாத மிருகம் தள்ளி நின்றது. அய்யா வீட்டுக் கேட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அய்யா கையைக் கூப்பினார், அதையும் அவள் பார்க்கவில்லை.

தவமணி தெருவின் நடுவில் போய் நின்றாள். நரைத்த முன்முடி, சமையல் புகையில் கறுத்த முகம். அம்மா நேராக அவளிடம்தான் வந்தாள், கூட்டத்தில் மலைமுகம் அது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ.

"ஏக்கா" என்றாள் மூச்சு வாங்க. "ஒரு சின்னப் பிள்ளையப் பாத்தீகளா? ஒம்பது வயசு. தவமணின்னு பேரு. ஓடைக்குப் போனவ இன்னும் வரலக்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்ட போயிருச்சு."

கழுத்தில் நாலு காயம் இருந்தது. தவமணி கையை நீட்டி, சரிந்திருந்த முந்தானையை எடுத்து அந்தக் காயத்தை மூடிவிட்டாள்.

"பாத்தேன் தாயி" என்றாள். "மேட்டு வழியா வீட்டுக்கு வந்துட்டா. நல்லா இருக்கா. ஒண்ணும் ஆகல."

"நெசமாவாக்கா?"

"நெசமா. நான் பாத்தேன்."

குருவம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். முகம் முழுக்கத் தெளிந்து, உடனே சுருங்கியது. "அடி கழுத, வீட்டுக்கு வந்தவ ஒரு சத்தம் குடுக்கக் கூடாது? இரு, வந்து வச்சுக்கிறேன் உன்னைய" என்று இல்லாத பிள்ளையைத் திட்டினாள். திட்டி முடித்ததும் சிரித்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தது போலத் தவமணியின் கையைப் பிடித்தாள்.

"ஏதாச்சும் சாப்பிட்டாளாக்கா?"

"இன்னும் இல்ல" என்றாள் தவமணி. "நீங்க வரணும்னு உக்காந்துருக்கா."